பென்னலூர் வண்டியும் ஒரு மஞ்சள் பொட்டும்

ஏழுமலையின் உள்ளங்கையில் ஒரு நட்டு இருந்தது. வண்டியின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நட்டு. அதன் ஒரு பக்கத்தில், மிளகளவுக்கு, ஒரு மஞ்சள் பொட்டு.

காலை எட்டரை மணி இருக்கும். வல்லக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், ஓரத்து மண்ணில் எங்கள் வண்டி சாய்ந்து நின்றிருந்தது. செயின் கழன்று தொங்கியது. முதுகில் ஆறு புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு நீள லாரி எங்களைக் கடந்து போனது. அது கிளப்பிய காற்றில் என் புடவைத் தலைப்பு முகத்தில் வந்து விழுந்தது. நான் விலக்கவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

"விரலால சுத்துனேன் அமுதா. கையோட வந்துடுச்சு," என்றார்.

நட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார்.

"பொட்டு வேற கீது."

பொட்டு இருக்கத்தான் செய்தது. அதை வைத்தது நான். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் நட்டு ரோட்டில் கிடந்திருக்கும். நாங்கள் எந்த லாரிக்கு அடியில் கிடந்திருப்போமோ தெரியாது.

ஏழுமலையின் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டி பாஸ் ஆகாவிட்டால் அந்தக் காகிதம் நேராக அவர் கம்பெனி ஆபீசுக்குப் போகும். காகிதம் போனால் பின்னாடியே அவரும் வடக்கே போவார். இரண்டு வருடத்துக்கு.

இந்தக் கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் வண்டியைக் கொஞ்ச நேரம் அங்கேயே சாய்த்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட்

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "ரெண்டு பேருக்கும் கம்பெனி வேலை, கல்யாணத்துக்கு அப்புறம் சந்தோஷமாக இருந்திருப்பீர்களே" என்று எழுதியிருந்தார். சந்தோஷத்துக்கு என்ன குறைச்சல். என் கணவர் ஏழுமலையும் நானும் முதல் எட்டு மாதம் ஒரு சண்டை போட்டதில்லை. சண்டை போட ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

நான் முதல் ஷிப்ட். அவர் ரெண்டாவது ஷிப்ட். வேறு வேறு கம்பெனி. விடியுமுன் நாலே முக்காலுக்கு எங்கள் கம்பெனி பஸ் வல்லக்கோட்டைக் கோயில் முனைக்கு வந்துவிடும். நான் கிளம்பும்போது ஏழுமலை போர்வைக்குள் ஒரு மூட்டையாகக் கிடப்பார். பிற்பகல் நான் திரும்பும்போது அவர் சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஓவர்டைம் இருக்கும். ஷிப்டை மாற்றித் தருகிறோம் என்று இரண்டு கம்பெனியிலும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு நாள் ஒரகடம் சிக்னலில் என் பஸ்ஸும் அவர் பஸ்ஸும் எதிரும் புதிருமாக நின்றன. ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. நான் எழுந்து நின்று கையைக் காட்டினேன், பக்கத்து சீட்டுப் பெண்ணின் மூக்கில் இடித்தேன், ஜன்னல் கம்பியைத் தட்டினேன். அவர் கண்ணாடியில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சிக்னல் விழுந்தது.

போனில் பேசலாமே என்பீர்கள். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். எங்கள் குடித்தனம் நடந்ததெல்லாம் சமையலறை ஆணியில் தொங்கிய ஒரு நோட்டில்தான்.

லைனில் வேலை செய்தவர்களுக்கு அந்த நோட்டு தெரியும். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஆள் வரும்போது, எது முடிந்தது, எது பாக்கி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்படைத்தவர் ஒரு பக்கம், பெற்றுக்கொண்டவர் ஒரு பக்கம். ஏழுமலை அதே மாதிரி வீட்டுக்கும் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொண்டுவந்தார். முதலில் விளையாட்டுக்குத்தான். "பால் காய்ச்சியாச்சு. தேங்காய் இல்லை. ஒப்படைத்தவர்: அமுதா." "தேங்காய் வாங்கியாச்சு. தண்ணி மோட்டார் போட மறந்துட்டேன், திட்டாதே. பெற்றுக்கொண்டவர்: ஏழுமலை."

ஒரு நாள் நோட்டுக்குள் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. "பெருக்கல் குறி போட்ட எடத்துல எல்லாம் கையெழுத்து போடவும்" என்று எழுதியிருந்தார். கேஸ் இணைப்பு, இன்ஷூரன்ஸ், இன்னும் ஏதேதோ. குக்கர் ஒரு பக்கம் கத்துகிறது, பஸ் ஹாரன் ஒரு பக்கம் கத்துகிறது. குறி இருந்த இடத்திலெல்லாம் போட்டுவிட்டு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து அலமாரியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். அதில் ஒன்று அவர் கம்பெனி ஃபார்ம். வடக்கே புது லைன் ஆரம்பிக்கிறார்கள், விருப்பமுள்ளவர்கள் இரண்டு வருடத்துக்குப் போகலாம், குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். சம்மதம் என்ற இடத்தில் என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது.

ஆக, போவதென்று முடிவு செய்துவிட்டு, கேஸ் காகிதத்தோடு சேர்த்து என் கையெழுத்தையும் வாங்கிவிட்டார். நோட்டை எடுத்தேன். என்னென்னவோ எழுத வந்தது. கடைசியில் "உப்பு தீர்ந்துவிட்டது" என்று மட்டும் எழுதினேன்.

பொட்டு வைக்கிற வேலை

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கார் சக்கரத்துக்குப் பின்னால் போகிற ஒரு பாகத்தை எங்கள் லைனில் பூட்டினார்கள். எனக்கு முந்தின ஸ்டேஷனில் பென்னலூர் ஸ்டெல்லா அக்கா நிற்பார். மேலே இருந்து தொங்குகிற 'கன்' என்ற முடுக்குக் கருவியை இழுத்து நட்டின் மேல் வைத்து அழுத்துவார். ட்ர்ர்ர், டக். அந்த 'டக்' வந்தால் நட்டு சரியாக இறுகிவிட்டது என்று அர்த்தம். பாகம் நகர்ந்து என்னிடம் வரும். நான் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் அந்த நட்டில் ஒரு பொட்டு வைப்பேன். அவ்வளவுதான் என் வேலை. அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது.

பொட்டு இருந்தால் நட்டு இறுகியிருக்கிறது. பொட்டு வைத்த நட்டை அதற்கப்புறம் யாரும் தொடக்கூடாது. எங்கள் லைனில் சூப்பர்வைசர் சொல்லித் தந்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான்.

ஒரு நாளைக்கு எத்தனை பொட்டு என்று எண்ணியதில்லை. என் ஆள்காட்டி விரல் எப்போதும் மஞ்சளாகவே இருந்தது. மருதாணி வைத்தபோதுகூட அந்த விரல் மட்டும் ஒட்டாமல் தனியாக நின்றது. கம்பெனியில் தூக்கிப் போடுகிற பாதி தீர்ந்த பேனாக்கள் ரெண்டு மூன்று வீட்டில் கிடக்கும். ஆணியை அடித்தால் ஆணிக்கு ஒரு பொட்டு. குழம்பு டப்பாவை மூடினால் மூடிக்கு ஒரு பொட்டு. நினைத்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். "நல்லவேளை என் நெத்தில வெக்கல" என்று ஏழுமலை ஒருமுறை நோட்டில் எழுதியிருந்தார்.

அவர் வேலையும் அப்படித்தான். நாலு வருடமாகக் காரின் இடது பக்கக் கதவுகளுக்கு ரப்பர் பட்டை மாட்டியவர். வலது பக்கக் கதவைக் கொடுத்தால் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் நிற்பார்.

ஒருவர் பொட்டு வைப்பவர், ஒருவர் இடது பக்க ரப்பர். இந்த ரெண்டு மேதைகளும்தான் ஒரு வண்டியை உயிர்ப்பிக்கக் கிளம்பினோம்.

கோழி இறங்கட்டும்

யோசனை என்னுடையது. பஸ் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு என்னைக் கம்பெனியில் இறக்க ஒரு மணி நேரம் ஆகும். வண்டியில் போனால் இருபது நிமிஷம். ஏழுமலை காலையில் எழுந்து என்னைக் கொண்டுபோய் விட்டால், அந்த இருபது நிமிஷமாவது ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் விழித்திருக்கலாம்.

நோட்டில் அப்படி எழுதவில்லை. எனக்கு ரோஷம். "வண்டி இருந்தால் நான் அரை மணி கூடத் தூங்கலாம்" என்று எழுதினேன்.

"வண்டி ஏது?" என்று பதில் வந்தது.

"ஸ்டெல்லா அக்கா வீட்டில் ஒன்று கிடக்கிறது."

அதற்கு அவர் எழுதிய பதிலைப் பல தடவை படித்தேன். "ஃபார்ம் குடுக்கற கடைசித் தேதிக்குள்ள அது ரோட்டுக்கு வந்துட்டா நான் வடக்க போவல. வரலேன்னா போறேன்." வண்டி தேறாது என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசித் தேதிக்கு ஏழு வாரம் இருந்தது.

ஸ்டெல்லா அக்காவின் தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது பின்பக்கக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போன நூறு சிசி வண்டி அது. நாலு மழைக்காலம் பார்த்துவிட்டது. டேங்க்கில் துரு. டயர்களில் வெடிப்பு. எலி தன் பங்குக்கு ஒயர்களைக் கடித்து வைத்திருந்தது. சைலன்சருக்குள் குளவி மண்கூடு. சீட்டில் ஸ்பான்ஜ் குழிந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டைக் கோழி, பதினோரு முட்டைகளுடன் அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இத்த நீ தாராளமா எடுத்துக்கினு போ," என்றார் ஸ்டெல்லா அக்கா. "தம்பி பேப்பர்லலாம் கையெழுத்து போட்டு வெச்சிட்டுதான் போயிருக்கான். ஆனா கோழி எறங்கட்டும்."

"அக்கா, கூடைல வெச்சி மாத்திடலாமே?"

"மாத்துனா முட்டைய வுட்டுடும். பதினோரு உசுரு அமுதா. ஏசப்பா கேப்பாரு என்னை."

பத்து நாள் காத்திருந்தோம். ஏழு வாரத்தில் பத்து நாளைக் கோழிக்குக் கொடுத்தோம். ஷிப்டில் தினமும் கன்னை இழுத்துக்கொண்டே ஸ்டெல்லா அக்கா நிலவரம் சொல்வார். "மூணு பொரிச்சிடுச்சு." ட்ர்ர்ர், டக். "இன்னும் ஒண்ணு மூக்க நீட்டினு கீது." பொட்டு. ஒன்பது குஞ்சு இறங்கிய மறுநாள் ஏழுமலை குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்றைப் பிடித்துப் போய் அதை ஏற்றி வந்தார். சீட்டில் கோழியின் இறகு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆள் மாறி ஆள்

தண்டலம் பக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்த ஷெரீப் பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எஞ்சின் நான் பாத்துத் தர்றேன். மத்தது அல்லாத்தயும் நான் பண்ணா ரெண்டு மாசம் ஆவும். வேற வண்டிங்க லைன்ல நிக்குது," என்றார். எங்களுக்கு ரெண்டு மாதம் இல்லை. எஞ்சினை மட்டும் அவரிடம் விட்டோம். மிச்சத்தை நாங்களே செய்வதென்று துணிந்தோம்.

சமையலறை நோட்டு வண்டிக்கு இடம் மாறியது. ஹேண்டில்பாரில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். காலையில் அவர் வேலை செய்வார், மதியம் நான். நான் வரும்போது வண்டி நேற்று இருந்த மாதிரி இருக்காது. ஏதோ ஒன்று கழன்றிருக்கும் அல்லது ஏதோ ஒன்று பளபளத்திருக்கும்.

"டேங்க்ல டீசலும் ஒரு கை ஜல்லியும் போட்டு குலுக்கினேன். பத்து தடவ ஊத்தியும் செவப்பாவே வருது. நீ குலுக்கு."

"குலுக்கியாச்சு. பதினாலாவது தடவை வெள்ளையாக வந்தது. என் தோள்பட்டை போச்சு."

"தோளுக்கு தைலம் வாங்கி வெச்சிருக்கேன், அலமாரில."

செயினை டீசலில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். எலி கடித்த ஒயர்களை அவர் நிறம் பார்த்து ஒட்டினார். வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் இடது பக்கம் எரிந்தது. "உனக்கு வலது பக்கம் வராது என்பது தெரிந்ததுதானே" என்று எழுதினேன். நான் பிரேக் கட்டையைத் திருப்பி மாட்டியிருந்ததைப் பார்த்து, படம் வரைந்து அம்புக்குறி போட்டு வைத்திருந்தார். அந்தப் படத்தில் ஓரமாக ஒரு பெண் நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றாள். என் மூக்குத்தி வரை வரைந்திருந்தார்.

எஞ்சின் திரும்பி வந்து மாட்டியதும் முதலில் அது பேசியது அவரிடம்தான். நான் ஷிப்டில் இருந்தேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே வரி: "ஸ்டார்ட் ஆயிடுச்சு அமுதா." நான் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். பிறகு தனியாக நின்று கிக்கரை உதைத்தேன். ஆறாவது உதையில் சைலன்சரிலிருந்து கடைசி மண்துண்டைத் துப்பிவிட்டு அது படபடவென்று ஓடியது. புகை வீட்டுக்குள் போய்த் துணியெல்லாம் நாறியது. அப்படி ஒரு நல்ல நாற்றத்தை நான் அப்புறம் முகர்ந்ததில்லை.

அந்த ஏழு வாரத்தில் நாங்கள் எழுதிக்கொண்ட அளவுக்கு எட்டு மாதத்தில் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அந்த முதல் பதிலுக்கு அப்புறம் ஃபார்மைப் பற்றி மட்டும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அது அலமாரியிலேயே இருந்தது.

பின் சக்கரம்

பழைய வண்டி என்பதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. மைதானத்தில் இன்ஸ்பெக்டர் பார்த்துப் பாஸ் போட வேண்டும். முதல் தடவை ஏழுமலை மட்டும் கொண்டுபோனார். ஹாரன் கத்தியது, விளக்கு எரிந்தது. இன்ஸ்பெக்டர் பின் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கோடு இல்ல. மாத்திட்டு வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஃபார்முக்கும் கடைசித் தேதி.

வியாழக்கிழமை காலையில் அவர் பின் சக்கரத்தைக் கழற்றிப் புது டயர் போட்டு வைத்துவிட்டுப் போனார். மதியம் நான் அதை மாட்டினேன். சக்கரத்தை நடுவில் நிறுத்தி, செயினைக் கோர்த்து, அச்சை நுழைத்து, நட்டைக் கையால் திருகினேன். கையால் எவ்வளவு போகுமோ அவ்வளவு. கை டைட் என்பார்கள் அதை. அதற்கு மேல் முடுக்கப் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது, அவர்கள் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். சரி, அவர் முடுக்கட்டும், நோட்டில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நினைத்தேன், அவ்வளவுதான். "பின் சக்கரம் மாட்டியாச்சு" வரைக்கும் எழுதினேன். தெருவில் தண்ணீர் லாரி வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மிச்ச வரி எழுதப்படவில்லை.

ஆனால் ஓடுவதற்கு முன் கை தன் வேலையைச் செய்துவிட்டது. நட்டைப் பார்த்தது. பொட்டு வைத்தது. மூன்று வருடமாக என் முன்னால் வந்த ஒவ்வொரு நட்டும் ஸ்டெல்லா அக்காவின் கன்னைத் தாண்டித்தான் வந்தது. வீட்டில் என் முன்னால் ஸ்டெல்லா அக்கா இல்லை என்பது எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

மறுநாள் ரெண்டு பேரும் லீவு போட்டிருந்தோம். கல்யாணத்துக்கு அப்புறம் ஒன்றாக எடுத்த முதல் லீவு. நான் நல்ல புடவை கட்டினேன். கோயில் கோபுரத்தைப் பார்த்து ஏழுமலை ஹாரனை ரெண்டு தடவை அடித்தார். பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்தபோது எனக்குப் பேச நிறைய இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சும்மா வந்தேன். நாலைந்து கிலோமீட்டர் போனதும் வண்டியின் பின்பக்கம் மாடு வாலை ஆட்டுவது போல ஆடியது. செயின் கடகடவென்று கத்திக் கழன்றது. அவர் எப்படியோ மண்ணுக்கு இறக்கி நிறுத்திவிட்டார்.

அரை கிலோமீட்டர்

சாலையோரத்துக்கே திரும்பி வருகிறேன்.

"மாமா, அத்த நான் டைட் பண்ணல," என்றேன். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். "கை டைட்டுதான். எழுதணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். பொட்டு கைப்பழக்கத்துல வெச்சிட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபத்தை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"இன்னா அமுதா நீ! பின்னாடி பஸ்ஸு வந்துகினு இருந்துச்சு, பாத்தியா? என்னை வுடு. உனக்கு எதுனா ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"நீ ஒரு தடவ தொட்டுப் பாத்திருக்கலாம் இல்ல?"

"நீ பொட்டு வெச்சிருந்தியே. அதுக்கு மேல நான் எதுக்கு தொடுவேன்?"

செயினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டோம். நட்டைக் கையால் திருப்பி மாட்டி, அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த பங்க்சர் கடைக்கு வண்டியைத் தள்ளினோம். அவர் ஹேண்டில்பாரைப் பிடித்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். வெயில் ஏறிவிட்டது. கம்பெனி பஸ்கள் போனபோது ஜன்னலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல புடவையும் கிரீஸ் கையுமாக ஒருத்தி வண்டி தள்ளினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்.

"அந்த ஃபார்ம்லயும் நீ கையெழுத்து போட்டிருந்தியே."

"எந்த ஃபார்ம்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"வடக்க போற ஃபார்மு. கட்டுல மேலாப்புலதான் வெச்சேன். பெருசா எழுத்து போட்டிருந்துச்சு. நீ பாத்துட்டு நோட்டுல திட்டி எழுதுவியோன்னு ரெண்டு நாளு பாத்துகினே இருந்தேன். உப்பு தீந்துடுச்சுன்னு எழுதிருந்தே."

நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன். வண்டியும் நின்றது.

"சரி, நாம போனா இவளுக்கு ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சிகினேன்," என்றார். இன்னும் திரும்பவில்லை.

"மாமா, நான் அத்த படிக்கவே இல்ல. குறி இருந்துச்சு, போட்டேன். ரெண்டு நாளு கழிச்சிதான் பாத்தேன். நீ போறதுக்கு முடிவு பண்ணிட்டு என்னை ஏமாத்தி கையெழுத்து வாங்கிட்டதா நான் நெனச்சிகினு கீறேன்."

அப்போதுதான் திரும்பினார். நான் அழுதுகொண்டிருந்தேன். கிரீஸ் கையால் துடைத்து மூஞ்சியெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டேன். அவர் ஹேண்டில்பாரை விட்டால் வண்டி விழும், அதனால் விடாமல் அப்படியே நின்றார்.

"அந்தக் கையெழுத்தும் கை டைட்டுதான் மாமா," என்றேன்.

அவர் மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "தள்ளு, மணி ஆவுது" என்றார்.

பங்க்சர் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவரே குனிந்தார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"ஏம்மா, நீங்களா முடுக்கப் போறீய? சேலையெல்லாம் பாழாப் போயிருமே."

"அது எப்பவோ பாழாயிடுச்சு அண்ணா."

ஏழுமலை செயினைக் கோர்த்துச் சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டார். நான் முடுக்கினேன். கை வலித்தபோது ஸ்பானரின் மேல் காலை வைத்து அழுத்தினேன். 'டக்' என்று சொல்ல அங்கே கன் இல்லை. போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் நான் முழுசாக முடுக்கிய முதல் நட்டு அது.

"நீ ஒரு தடவ பாரு," என்று ஸ்பானரை அவரிடம் கொடுத்தேன்.

அவரும் வைத்து அழுத்தினார். கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக இன்னும் போனது. அப்புறம் நகரவில்லை.

"பேனா கீதா?" என்று கேட்டார்.

கைப்பையில் இருந்தது. ஆனால் நான் எடுக்கவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினேன். பழைய பொட்டே போதும் என்றார் அவர். பொட்டு இருந்த பக்கம் இப்போது கீழ்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது, யாருக்கும் தெரியாது.

மைதானத்தில் நாங்கள்தான் கடைசி. இன்ஸ்பெக்டர் பின் டயரைத் தடவினார், சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், வண்டியை ஒரு வட்டம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். என் மூஞ்சியைப் பார்த்து ஏதோ கேட்க வந்து, கேட்காமல் பாஸ் போட்டார். ஏழுமலை சட்டைப் பையிலிருந்து அந்த ஃபார்மை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் ரெண்டு பக்கமும் முழுசாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி புரியவில்லை, அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். படித்து முடித்துவிட்டுத்தான் கிழித்தேன்.

அந்த வண்டி இப்போது எங்களிடம் இல்லை. நாலு வருடம் ஒவ்வொரு காலையும் அதில் என்னைக் கொண்டுபோய் விட்டார். பாதி நாள் அந்த இருபது நிமிஷத்தில் சண்டைதான் போட்டோம். கேட்டுக்குள் நான் நுழையும்போது ஒரு சண்டை பாதியில் நிற்கும், மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரும். அதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டோம்.

நோட்டு மட்டும் இருக்கிறது. போன வாரம் பரணில் வேறு எதையோ தேடும்போது கிடைத்தது. கிரீஸ் ரேகை, டீசல் வாசனை, மூக்குத்தி போட்ட பெண். கடைசிப் பக்கம் அந்த வெள்ளிக்கிழமையுடையது. வீட்டுக்கு வந்ததும் ஏழுமலை எழுதியது. "பின் சக்கர நட்டு ரெண்டு பேரும் சேந்து டைட் பண்ணது."

ஒப்படைத்தவர் என்ற இடத்தில் எங்கள் ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. பெற்றுக்கொண்டவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஷிப்டுக்குக் கிளம்பிப் போகவில்லை.